மறு: வல்வோடினியா, லோ லெவல் லேசர் தெரபி – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம். ஒரு வலிநோய்க்கும் அதற்குத் தரும் ஓர் ஒளிச் சிகிச்சைக்கும் தமிழ்ப் பெயர் தேடும் நம் பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> "நாட்பட்ட பெண்குறி அழற்சி", "குறைமட்டச் சீரொளிச் சிகிச்சை" என்று வைத்து முடித்துவிடலாமே.

ஐயா, இரண்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை. முதலில் நோய், சிகிச்சைக்கு அப்புறம் வருகிறேன்.

'அழற்சி' இதில் வரவே கூடாது. 1980களில் இந்த வலிக்கு 'வெஸ்டிபுலைட்டிஸ்' (யோனியின் வாயைச் சுற்றிய இடத்தில் அழற்சி) என்ற பெயர் இருந்தது உண்மைதான். ஆனால் திசுவில் அழற்சி என்று சொல்லும்படியான மாற்றம் சீராகத் தென்படாததால் அந்தப் பெயரையே மருத்துவர்கள் கைவிட்டார்கள். 2015இல் மூன்று பன்னாட்டுச் சங்கங்கள் சேர்ந்து எழுதிய வரையறைப்படி, பெண்ணின் வெளிப்புற உறுப்பில் குறைந்தது 3 மாதம் நீடித்த வலி, தெளிவான காரணம் எதுவும் பிடிபடாத வலி, இதுதான் வல்வோடினியா. தொற்று, தோல்நோய், புற்று, நரம்புக் காயம் என்று காரணம் தெரிந்துவிட்டால் அது இந்தக் கணக்கில் வராது. அவர்கள் உதறிய சொல்லை நாம் எடுத்துச் சூடிக்கொள்ள வேண்டியதில்லை. அது நோயாளியையும் கெடுக்கும். அழற்சி என்றால் மருந்து தடவினால் போய்விடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இங்கே பெண்கள் ஏற்கெனவே வெள்ளைப்படுதலுக்கான களிம்புகளை மாற்றி மாற்றிப் போட்டுத் தோலைப் புண்ணாக்கிக்கொண்டுதான் வருகிறார்கள்.

அடுத்து 'பெண்குறி'. நம் வழக்கில் அது உள்ளே இருக்கும் குழாயையும் குறிக்கிறது, வெளியே இருப்பதையும் குறிக்கிறது. இந்த நோய்க்கோ இடம்தான் எல்லாம். பரிசோதனையை நினைத்துப் பாருங்கள். மருத்துவர் ஈரப் பஞ்சு சுற்றிய குச்சியை எடுத்து, யோனியின் வாயைச் சுற்றிக் கடிகார முள் போகும் வரிசையில் ஒவ்வொரு புள்ளியாக மெல்லத் தொடுவார். ஒவ்வொரு தொடுதலுக்கும் வலி 0 முதல் 10 வரை எவ்வளவு என்று அந்தப் பெண் சொல்ல வேண்டும். ஓர் இடத்தில் ஒன்றுமே இருக்காது. ஒரு விரல் தள்ளித் தொட்டதும் துள்ளி எழுவார். உட்கார்ந்தாலே வலிப்பவர்கள் உண்டு. உறவின்போதோ மாதவிடாயின்போது உள்ளே வைக்கும் பஞ்சுத் திரியைச் (டாம்பான்) செருகும்போதோ மட்டும் வலிப்பவர்களும் உண்டு. இப்படி இடம் பார்த்துப் பிரிக்கிற நோய்க்கு எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடைத்தால், மருத்துவக் குறிப்பு எழுதுகிறவர் தடுமாறிப்போவார்.

எனவே வெளிப்புறம் முழுவதற்கும் 'புறயோனி'; வாயைச் சுற்றிய அந்தச் சிறு வளையத்துக்கு மட்டும் 'யோனிவாயில்'. 'முன்றில்' என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். அழகான சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் முன்றில் வீட்டுக்கு வெளியே இருப்பது. இந்த இடமோ இதழ்களுக்கு உட்பக்கம் இருக்கிறது. வீட்டுக்குச் சொன்னால் ரேழி, அதாவது வாசலைத் தாண்டி உள்ளே வரும் நடை. ரேழி எல்லா ஊரிலும் புழங்கும் சொல் இல்லை என்பதால் 'வாயில்' போதும். 'அல்குல்' வேண்டும் என்பவர்களுக்கு: அது இடுப்பா, தொடைமேலா, வேறா என்று உரைகாரர்களிடமே தகராறு இருக்கிறது. பஞ்சுக்குச்சிப் பரிசோதனைக்கு அது உதவாது.

ஆக, வல்வோடினியா 'நாட்பட்ட புறயோனி வலி'. அந்தச் சிறு வளையத்தில் மட்டும் வரும் வலியான வெஸ்டிபுலோடினியா 'யோனிவாயில் வலி'. 'தீராவலி' என்று யாரும் எழுதிவிடாதீர்கள். நிறையப் பேருக்குக் குறைகிறது. இடுப்புத்தளத் தசைப் பயிற்சி, மேலே பூசும் உணர்வகற்றி, நரம்புவலி மாத்திரை, உளநலத் துணை என்று வழிகள் இருக்கின்றன. பெயரிலேயே கதவைச் சாத்தக் கூடாது.

இப்போது லேசர். 'குறைமட்டம்' என்றால் தமிழில் தரம் குறைந்தது என்றுதான் காதில் விழும். 'குளிர் லேசர்' என்ற பேச்சு வழக்கும் சரியில்லை. அது குளிர்விப்பதில்லை, சுடாது, அவ்வளவுதான். சிவப்பு அல்லது அகச்சிவப்பை ஒட்டிய ஒளி, பெரும்பாலும் 600 முதல் 1000 நானோமீட்டர், திறன் சில நூறு மில்லிவாட்டுக்குள். திசுவைச் சுடாமல் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள நொதி ஒளியை உறிஞ்சி ஆற்றல் உற்பத்தியை மாற்றுகிறது என்பதே இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். 1960களின் பிற்பகுதியில் புடாபெஸ்டில் ஹங்கேரிய மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர் எலிகளின் முதுகு மயிரை மழித்து லேசர் காட்டியபோது, அந்த இடத்தில் மயிர் வேகமாக முளைத்ததில் தொடங்கியது இது.

இங்கேதான் சொல்லில் கவனம் வேண்டும். யோனிக்கு 'இளமையூட்டும்' லேசர் என்று விற்கிறார்களே, அது திசுவைச் சூடாக்கி மாற்றும் வேறு கருவி. 2018இல் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அதைப் பற்றி எச்சரித்தது. தீக்காயமும் தழும்பும் நீடித்த வலியும் வரக்கூடும் என்றது. வெறும் 'லேசர் சிகிச்சை' என்று எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆகவே 'மென்லேசர் சிகிச்சை' என்கிறேன். சீரொளி நல்ல சொல், ஆனால் லேசர் என்றால்தான் கிராமத்துப் பாட்டிக்கும் தெரியும்.

இந்தச் சிகிச்சைக்குத் துறையினர் இப்போது விரும்பும் பெயரான 'ஃபோட்டோபயோமாடுலேஷன்' என்பதற்கு 'ஒளித்தூண்டல்' பொருந்தாது. அளவு கூடினால் அதே ஒளி தூண்டாமல் அடக்கும். 'ஒளிவழிச் செயல்சீராக்கம்' நீளம்தான், ஆனால் பொய் சொல்லவில்லை.

மென்லேசரின் பயன் பற்றியும் ஒரு வரி, ஏனென்றால் விளக்கக் குறிப்பில் அது வர வேண்டும். 2017இல் வெளியான இஸ்ரேல் ஆய்வில் 34 பெண்களுக்கு 6 வாரத்தில் 12 அமர்வுகள். உண்மையான ஒளி பெற்றவர்களில் 78 விழுக்காட்டினர் தேறியதாகச் சொன்னார்கள். போலி ஒளி பெற்றவர்களில் 44. நம்பிக்கை தரும் எண்தான், ஆனால் மிகச் சிறிய ஆய்வு. போலிக்கே 44 வந்திருப்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. எங்களிடம் வரும் பெண்கள் 'வலி' என்று தொடங்குவதே இல்லை. 'காந்துது', 'மிளகாய் பட்ட மாதிரி எரியுது' என்கிறார்கள். நோயாளிக்கான கையேட்டில் 'காந்தல்' என்பதை வலிக்குப் பக்கத்தில் சேர்க்க நினைக்கிறேன். ஈழத்து உறுப்பினர்களே, உங்கள் பக்கம் இந்தப் பொருளில் 'காந்தல்' புழங்குகிறதா, 'நோவு' என்றால்தான் புரியுமா?

அன்புடன்.