ஷேவெட்: கோத்திரமா, குலமா, கோற்குடியா?

அன்புள்ள குழுவினருக்கு,

விவிலியத்தின் நியாயாதிபதிகள் நூலில் 19 முதல் 21 வரையுள்ள அதிகாரங்களுக்கு, இறையியல் மாணவர்களுக்கான விளக்கக் குறிப்புகளைத் தமிழாக்கி வருகிறேன். கலைச்சொற் பட்டியலை வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். மற்றவை முடிந்துவிட்டன, பட்டியலின் முதற்சொல்தான் நிற்கிறது.

இஸ்ரவேலின் பன்னிரண்டு பிரிவுகளைக் குறிக்க எபிரேயத்தில் ‘ஷேவெட்’, ‘மட்டே’ என்று இரண்டு சொற்கள் உள்ளன. இரண்டுக்கும் கோல், தடி என்பதே கைக்கெட்டும் பொருள். எண்ணாகமம் 18:2 லேவி என்னும் பிரிவை ஒரே வசனத்தில் ‘மட்டே’ என்றும் ‘ஷேவெட்’ என்றும் சொல்கிறது. பழைய மொழிபெயர்ப்பில் ‘கோத்திரம்’, திருவிவிலியத்தில் ‘குலம்’. வகுப்பில் ‘கோத்திரம்’ என்று சொன்னேன். “ஒரே கோத்திரத்தில் பெண் கொடுக்க மாட்டார்களே, அப்படியானால் எண்ணாகமம் 36 எப்படிப் பொருந்தும்?” என்று ஒரு மாணவி கேட்டுவிட்டார். கேள்வி நியாயமானது. செலொப்பியாத்தின் மகள்கள் தந்தையின் நிலத்தைப் பெற்றவர்கள். அந்த நிலம் வேறு பிரிவுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகவே, அவர்கள் தந்தையின் ‘மட்டே’க்குள்ளேயே மணம் முடிக்க வேண்டும் என்று அங்கே விதிக்கப்படுகிறது. நம் ஊர்க் கோத்திரத்துக்கு இது நேர் எதிர். பெரியவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

— குறிப்புகளின் மொழிபெயர்ப்பாளர்

*

அம்மா, வணக்கம்.

‘கோத்திரம்’ வடசொல், ஆநிரை அடைக்கும் தொழுவம் என்பதே அதன் பழம்பொருள். தொழுவத்தை வைத்துக்கொண்டு கோலை மொழிபெயர்ப்பானேன்? ஆதியாகமம் 49-இல் 10ஆம் வசனத்தில் யூதாவை விட்டு நீங்காத செங்கோலும் ‘ஷேவெட்’. ஆறு வசனம் தள்ளி, யூதாவின் சகோதரனான தாண் ‘இஸ்ரவேல் கோத்திரங்களில் ஒரு கோத்திரம்’ என்னும் இடத்திலும் ‘ஷேவெட்’. தமிழ் வாசகருக்கு இந்த உறவு தெரியவே தெரியாது. ‘கோற்குடி’ என்று ஆக்கினால் இரண்டும் ஒருங்கே ஒலிக்கும். ‘இந்நான் கல்லது குடியும் இல்லை’ என்று புறநானூறு 335 சொல்லும் குடி நமக்கு அயலானதா?

உங்கள் அதிகாரங்களில் வரும் பிரிவான பென்யமீன் என்னும் பெயரையும் கவனியுங்கள். ‘யாமின்’ என்றால் தெற்கு. நம்மவர்க்குத் தென்திசைத் தலைவன் யமன். நிகண்டுகளில் தெற்குக்கு ‘யாமியம்’ என்ற பெயரும் உண்டு. இதை எளிதில் தள்ளிவிட முடியாது என்பது என் துணிபு.

— சொற்பிறப்பு ஆர்வலன்

*

ஐயா அவர்களுக்கு,

தள்ளித்தான் ஆக வேண்டும். ‘யாமின்’ என்றால் முதலில் வலக்கை. எபிரேயர் கிழக்கை நோக்கி நின்று திசை சொல்வார்கள். முன்பக்கம் கிழக்கு, வலப்பக்கம் தெற்கு. பண்டைய சிரியாவின் மாரி நகரத்துக் களிமண் பலகைகளில், கி.மு. 18ஆம் நூற்றாண்டில், ‘யமின் மக்கள்’ என்று ஒரு கூட்டத்தார் வருகிறார்கள். அவர்களும் தென்புறத்தார்தான், அவர்களுக்கு எதிரே ‘இடப்பக்கத்து மக்கள்’ வடபுறத்தார். இதில் யமனுக்கு வேலை இல்லை. வலக்கையின் மக்கள் என்று பெயர் பெற்றவர்களுள் கவண் எறிவதில் மயிரிழை தப்பாத 700 பேர் இடக்கையர் என்று நியாயாதிபதிகள் 20:16 சொல்கிறதே, உண்மையான சொல்விளையாட்டு அங்கேதான் இருக்கிறது.

ஆயினும் கோல் பற்றி ஐயா சொன்னதில் ஒரு பகுதி சரி. 21:6-இல், “இன்று இஸ்ரவேலில் ஒரு ஷேவெட் வெட்டுண்டது” என்று மக்கள் புலம்புகிறார்கள். அங்குள்ள வினை மரத்தை வெட்டுவதற்கும் கோலை முறிப்பதற்கும் ஆளப்படுவது. சகரியா 11:10-இல் தீர்க்கதரிசி தன் கோலை முறிப்பதும் இதே வினையால்தான். ரிம்மோன் கன்மலையில் நான்கு மாதம் பதுங்கியிருந்த 600 ஆண்களைத் தவிரப் பென்யமீனில் எவரும் மிஞ்சாத நிலையில் அழுகிறவர்கள், அப்பிரிவின்மேல் போர் தொடுத்து வெட்டிய மற்ற இஸ்ரவேலரேதான். இந்த உருவகம் தமிழில் போய்விடக் கூடாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. 20:12-இல் ‘பென்யமீனின் ஷேவெட்டுகள்’ என்று பன்மை வருகிறது. 1 சாமுவேல் 9:21-இல் சவுலும் அவ்வாறே சொல்கிறார். ஒரு பிரிவுக்குள் பல பிரிவுகளா? படியெடுத்தவரின் பிழை என்று பலர் ஒருமையாகத் திருத்திவிடுகிறார்கள். பழஞ்சொல் உட்பிரிவையும் சுட்டியிருக்கலாம் என்பது என் எண்ணம். நாம் ஆக்கும் சொல் அந்த நெகிழ்ச்சியைத் தாங்க வேண்டும்.

— எபிரேயம் கற்பிப்பவன்

*

வணக்கம். நெல்லைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். வெட்டுண்டால் வலிக்கிற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறதே: கிளை. மரத்துக்கும் கிளை, உறவுக்கும் கிளை. ‘ஒரு கிளை வெட்டுண்டது’ என்றால் எங்கள் ஊர்ப் பாட்டிக்கும் அடிக்குறிப்பு தேவைப்படாது. ‘மட்டே’ எசேக்கியேல் 19-இல் திராட்சைக் கொடியின் கொம்பையும் குறிக்கிறது என்பதால் பொருளும் விலகாது. ஆனால் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: எங்கள் பக்கம் மறவர்களிடையே ஒரே கிளையில் மணம் இல்லை, அந்த மாணவி இங்கும் கை தூக்குவார். அதோடு, இக்காலத்தில் கிளை என்றதும் வங்கிதான் நினைவுக்கு வரும்.

*

கிளை வேண்டாம் ஐயா. யோசுவா 7:14-இல் குற்றவாளியான ஆகானைப் பிடிக்கச் சீட்டு விழும்போது ஷேவெட், மிஷ்பாஹா (அதன் உட்பிரிவு), வீடு, ஆள் என்று நான்கு படிகள் இறங்குகின்றன. முதற்படிக்கே கிளையைக் கொடுத்துவிட்டால் இரண்டாம் படிக்கு எதைக் கொடுப்பது? ‘பழங்குடி’யைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை, எழுத வேண்டாம். அச்சொல் இன்று அரசுப் பட்டியலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

— எபிரேயம் கற்பிப்பவன்

*

அனைவருக்கும் நன்றி. இன்று வெள்ளிக்கிழமை. பட்டியலில் இவ்வாறு எழுதி அனுப்பிவிட்டேன்: ஷேவெட், மட்டே இரண்டுக்கும் ‘குலம்’; மிஷ்பாஹாவுக்கு ‘வம்சம்’; அதற்குக் கீழே ‘வீடு’. ‘கோத்திரம்’ என்பது பழைய மொழிபெயர்ப்பைப் படித்து வளர்ந்தவர்களுக்காக முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குள் வரும். ஆறு பேர் ‘குலம்’ என்றீர்கள். அவர்களில் மூவர் தனி மடலில், “எதையாவது போடுங்கள்” என்றும் சேர்த்திருந்தீர்கள். 20:12-இல் ‘பென்யமீனின் குலங்கள்’ என்று பன்மையை அப்படியே வைத்திருக்கிறேன். 21:6-க்கு மட்டும் அடிக்குறிப்பில் கோலும் வெட்டும் விளக்கப்படும். குலத்துக்குள் மணம் உண்டா என்று மாணவி கேட்டால், உண்டு என்று சொல்லிவிடலாம், சொல் தடுக்காது.

— மொழிபெயர்ப்பாளர்

*

அம்மா, உங்கள் முடிவுக்குக் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் குலம் வெட்டுண்ணாது, அழியும், அவ்வளவுதான். அந்த அடிக்குறிப்பிலாவது ‘கோற்குடி’ இருக்கட்டும். யாமியத்தைப் பற்றித் தனியே எழுதுகிறேன்.