உதிரிபாக மொத்த வணிகருக்கான மென்பொருள்: தேவைகளைக் கேட்டறியும் கேள்விகளை எப்படி அமைப்பது?

அம்பத்தூர் அனலிஸ்ட் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சென்னை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு சிறு மென்பொருள் நிறுவனத்தில் பிசினஸ் அனலிஸ்டாகப் பணிபுரிகிறேன். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கடையும் மாதவரத்தில் குடோனும் வைத்திருக்கும் ஒரு வாகன உதிரிபாக மொத்த வணிகருக்கு, ஆர்டர் எடுப்பது முதல் பில், இருப்பு, வசூல் வரை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும்படி மென்பொருள் செய்து தர ஒப்புக்கொண்டிருக்கிறோம். முதலாளி, கணக்காளர், குடோன் பொறுப்பாளர், வெளியூர் சென்று ஆர்டர் எடுக்கும் விற்பனைப் பிரதிநிதிகள் ஆகிய நான்கு தரப்பினரிடமும் பேசித் தேவைகளைத் தொகுக்கும் பொறுப்பு என்னுடையது.

என்ன வேண்டும் என்று கேட்டால், முதலாளி "எல்லாமே மொபைலில் தெரிய வேண்டும்" என்கிறார். கணக்காளர் "டாலி கணக்கு மென்பொருளில் இருப்பது போலவே இருந்தால் போதும்" என்கிறார். குடோன் பொறுப்பாளரோ "எங்களுக்குத் தனியாக ஒன்றும் வேண்டாம் சார், முதலாளி சொல்வதுதான்" என்று முடித்துக்கொள்கிறார். அலுவலகத்தில் வழக்கமாகப் பயன்படுத்தும் கேள்விப் படிவத்தை அனுப்பிப் பார்த்தோம். பெரும்பாலான கட்டங்களில் "ஆம்", "தேவை" என்ற சொற்களே வந்தன. அவற்றை வைத்து ஒரு திரையைக்கூட வடிவமைக்க இயலாது.

கேள்விகளை எந்த வரிசையில், எப்படி அமைத்தால் பயனுள்ள விடைகள் கிடைக்கும்? பேசத் தயங்குபவர்களிடம் எப்படிக் கேட்பது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றி உடையவனாக இருப்பேன்.

கிண்டி ராம்

வணக்கம். "என்ன வேண்டும்" என்ற கேள்விக்கு அவர்கள் சரியாக விடை சொல்ல முடியாததில் வியப்பில்லை. இன்னும் உருவாகாத ஒரு பொருளைக் கற்பனை செய்து விவரிக்கும்படி அவர்களைக் கேட்கிறோம். அது நமது தொழிலே தவிர அவர்களுடையது அன்று. அவர்களுக்கு முழுமையாகத் தெரிந்தது நடந்து முடிந்த வேலை மட்டுமே. ஆகவே கேள்விகளை நடந்தவற்றை நோக்கித் திருப்புங்கள்.

"ஆர்டர் எப்படி எடுக்கிறீர்கள்?" என்று பொதுவாகக் கேட்டால், நடக்க வேண்டியதைச் சொல்வார்கள். "நேற்று கடைசியாக வந்த ஆர்டரைச் சொல்லுங்கள், யார் அனுப்பினார், வாட்ஸ்ஆப்பிலா தொலைபேசியிலா, அதை யார் எந்த நோட்டில் எழுதினார், சரக்கு இருக்கிறதா என்று யாரிடம் கேட்டார்கள், இல்லாத பொருளுக்கு என்ன பதில் சொன்னீர்கள்?" என்று ஒரே ஆர்டரைப் பிடித்துக்கொண்டு, பணம் வசூலாகும் வரை அதன் பின்னாலேயே போனால், உண்மையில் நடப்பதைச் சொல்வார்கள். அந்த ஆர்டரின் பில், டெலிவரி சலான், நோட்டுப் பக்கம் ஆகியவற்றை மேசை மேல் வைத்துக்கொண்டு பேசுங்கள். காகிதம் கையில் இருக்கும்போது குடோன் பொறுப்பாளரைப் போன்றவர்களின் தயக்கமும் பெருமளவு குறைந்துவிடும்.

வரிசையைப் பொறுத்தவரை, முதலாளியிடம் மென்பொருளைப் பற்றியே பேசாத சில கேள்விகளோடு தொடங்குவது என் வழக்கம். இதைச் செய்யாவிட்டால் அடுத்த ஆண்டு என்ன நட்டம், இதனால் யாருடைய வேலை கூடும், யாருடைய வேலை குறையும், இது வெற்றி பெற்றது என்பதை எதை வைத்துச் சொல்வீர்கள் என்று கேளுங்கள். "மொபைலில் தெரிய வேண்டும்" என்பதன் பின்னால், தாம் கடையில் இல்லாத நாட்களில் வசூல் தொகை சரியாக வருகிறதா என்ற கவலை இருக்கக்கூடும். அப்படியானால் அவருக்குத் தேவைப்படுவது அன்றைய வசூலைக் காட்டும் ஒரே ஒரு திரை மட்டுமே.

அடுத்து வழக்கமான ஓட்டம், அதன் பிறகு விதிவிலக்குகள். அதிக நேரம் ஒதுக்க வேண்டியது விதிவிலக்குகளுக்குத்தான். பாதி சரக்கு மட்டும் இருந்தால், தவறான பாகம் போய்விட்டால், உடைந்து திரும்பி வந்தால், கம்பெனியிடமிருந்து மாற்றுப் பொருள் வரத் தாமதமானால் என்ன செய்கிறீர்கள் என்ற ஒவ்வொன்றையும் "கடைசியாக எப்போது நடந்தது?" என்ற கேள்வியோடு சேர்த்துக் கேளுங்கள். நினைவுக்கு வராத அளவுக்கு அரிதானவற்றை முதல் கட்டத்திலிருந்து ஒதுக்கிவிடலாம்.

கணக்கும் கணினியும்

மேலே சொன்னதை ஏற்கிறேன். கணக்குத் துறையிலிருந்து இந்தப் பணிக்கு வந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். ஒவ்வொரு கேள்விக்கும் விடை தீர்மானமாகும் இடம் எது என்று முதலிலேயே குறித்துவையுங்கள். சில விடைகளைச் சட்டம் தீர்மானிக்கிறது, சிலவற்றை முதலாளி தீர்மானிக்கிறார், சில வெறும் பழக்கத்தால் அமைந்தவை. சட்டம் தீர்மானித்த ஒன்றை, விருப்பத்தைக் கேட்பது போல "உங்களுக்கு எப்படி வேண்டும்?" என்று கேட்கக் கூடாது.

எடுத்துக்காட்டாக, "பில்லைத் திருத்தும் வசதி வேண்டுமா?" என்று கேட்டால் எல்லோரும் வேண்டும் என்றே சொல்வார்கள். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய வணிகருக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் (பில்லை அரசின் ஜிஎஸ்டி போர்ட்டலில் பதிவு செய்வது) கட்டாயம். பதிவான இன்வாய்ஸை அந்தப் போர்ட்டலில் திருத்த முடியாது. 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்ய மட்டுமே முடியும். அதற்குப் பிறகு விலையோ எண்ணிக்கையோ கூடுதலாகப் போட்டிருந்தால் கிரெடிட் நோட், அதாவது கூடுதலாகப் போட்ட தொகையைக் கழித்துத் தரும் ஆவணம்தான் வழி. ஆகவே "பில் போட்ட மறுநாள் பிழை தெரிந்தால் இப்போது என்ன செய்கிறீர்கள், அதை முதலில் கண்டுபிடிப்பவர் யார்?" என்று கேளுங்கள்.

ஜிஎஸ்டி வரி விகித மாற்றத்தையும் மறவாதீர்கள். 2025 செப்டம்பர் 22 அன்று, 28 சதவீதத்தில் இருந்த வாகன உதிரிபாகங்கள் 18 சதவீதத்துக்கு வந்தன. அதற்கு முன் விற்ற பொருள் பின்னர் திரும்பி வந்தால், கிரெடிட் நோட் பழைய பில்லின் விகிதத்திலேயே அமைய வேண்டும். வரி விகிதத்தைப் பொருளோடு மட்டும் சேமித்து, பில்லின் ஒவ்வொரு வரியிலும் தேதியோடு சேமிக்காத மென்பொருள் இந்த இடத்தில் தவறான கணக்கைத் தரும். "அந்த வாரத்தில் திரும்பி வந்த சரக்குக்கு எப்படிக் கணக்கு எழுதினீர்கள்?" என்று கணக்காளரிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் பேசுவார், அத்தனையும் பயன்படும்.

சரக்கை வண்டியில் அனுப்புவதற்கான மின்னணு ஆவணமான இ-வே பில்லும் அப்படியே. தமிழ்நாட்டுக்குள் செல்லும் சரக்குக்கு 1 லட்சம் ரூபாய்க்கு மேலும், வெளி மாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேலும் அது தேவைப்படுகிறது. விற்பனைப் பிரதிநிதிகள் நெல்லூர், திருப்பதி பக்கமும் செல்கிறார்களா என்பதைக் கேட்டாக வேண்டும்.

மாதவரம் வாசகர்

கேள்விகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், குடோன் வேலையைக் கடையில் உட்கார்ந்து கேட்டு அறிய முடியாது என்பது என் உறுதியான கருத்து. மாலையில் லாரி பார்சலுக்குச் சரக்குக் கட்டும் நேரத்தில் குடோனில் நின்று பாருங்கள். ஒரே பிரேக் ஷூவைப் பில்லில் ஒரு எண்ணாலும், ரேக்கில் வண்டியின் பெயராலும், தொலைபேசியில் வேறொரு பெயராலும் சொல்வார்கள். பட்டியலிடச் சொன்னால் அதை யாரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அது அவர்களுக்கு ஒரு செய்தியாகவே தோன்றாது. பார்த்தவற்றைக் குறித்துக்கொண்டு, கை ஓய்ந்த பிறகு "இதை ஏன் இப்படி வைத்தீர்கள், அண்ணே?" என்று கேளுங்கள். அப்போது வரும் விடைகளிலிருந்துதான் தேடல் திரை உருவாகும்.

அம்பத்தூர் அனலிஸ்ட்

மூவருக்கும் மிக்க நன்றி. இந்த வழியில் முதலாளியிடமும் பிரதிநிதிகளிடமும் பேசியதில் ஒரு முரண்பாடு தெரிய வந்தது. கடன் வரம்பைத் தாண்டிய வாடிக்கையாளருக்குப் பில் போடவே கூடாது என்கிறார் முதலாளி. பழைய வாடிக்கையாளர்களுக்கு எப்போதும் போட்டுத்தான் கொடுக்கிறோம், இல்லாவிட்டால் ஆர்டர் வேறு கடைக்குப் போய்விடும் என்கிறார்கள் பிரதிநிதிகள். ஆவணத்தில் எதை எழுதுவது?

கிண்டி ராம்

இரண்டையும் எழுதலாம். முதலாளி விதியைச் சொல்கிறார், பிரதிநிதிகள் அதன் விதிவிலக்கைச் சொல்கிறார்கள். விதிவிலக்கை யார் அனுமதிக்கிறார் என்பதுதான் இன்னும் கேட்கப்படாத கேள்வி. வரம்பு மீறிப் போன கடைசி பில்லை எடுத்து, இரு தரப்பையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேளுங்கள்: சரி என்று சொன்னவர் யார், எந்த வழியில் சொன்னார், அது எங்காவது பதிவானதா, அவர் ஊரில் இல்லாதபோது யார் சொல்வார், வரம்பு தொகையைப் பொறுத்ததா அல்லது பாக்கி நிற்கும் நாட்களையும் பொறுத்ததா? யார் சொல்வது சரி என்ற விவாதத்துக்குள் மட்டும் நீங்கள் நுழைய வேண்டாம். முடிவு முதலாளியுடையதாகவே இருக்கட்டும்.

எழுதும்போது, சோதித்துப் பார்க்கக்கூடிய ஒற்றை வாக்கியமாக எழுதுங்கள். தேவை ஒவ்வொன்றும் தனித்ததாகவும், ஐயத்துக்கு இடமில்லாததாகவும், சரிபார்க்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும் என்று மென்பொருள் தேவைகளை எழுதுவதற்கான ஐஎஸ்ஓ 29148 என்ற சர்வதேசத் தரநிலையும் கேட்கிறது. "கடன் கட்டுப்பாடு இருக்க வேண்டும்" என்பது அந்த வகையில் சேராது. "வரம்பு மீறும் பில், முதலாளியோ அவர் நியமித்தவரோ அனுமதிக்கும் வரை நிறுத்திவைக்கப்படும், அனுமதித்தவர் பெயரும் நேரமும் பதிவாகும்" என்பது சேரும். பிரதிநிதிகளுக்கு அந்த அனுமதி எவ்வளவு விரைவில் கிடைக்க வேண்டும் என்பதையும் கேட்டு, நிமிடக் கணக்கில் எழுதுங்கள்.

இன்னொன்று, யாரும் தாமாகச் சொல்லாதது: மழைக்காலம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நகரின் பல பகுதிகளில் மின்சாரமும் இணையமும் நாள்கணக்கில் இல்லை. "அந்த நாட்களில் எப்படி பில் போட்டீர்கள், மின்சாரம் வந்த பிறகு எதை முதலில் கணக்கில் ஏற்றினீர்கள்?" என்று கணக்காளரையும் குடோன் பொறுப்பாளரையும் தனித்தனியே கேளுங்கள்.

தொகுத்த ஆவணத்தை மின்னஞ்சலில் மட்டும் அனுப்பிவிடாமல், குடோன் பொறுப்பாளருக்கு அவர் பகுதியைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். முதல் கட்டத்தில் செய்யப்போவதில்லை என்று முடிவானவற்றையும் அதே ஆவணத்தில் தனிப் பக்கமாக எழுதி, அந்தப் பக்கத்துக்கும் முதலாளியிடம் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள்.