போட் ட்ரெய்லர் முதல் தடவை இழுக்கப்போறேன், கொன்ரோ டு பேர்லேண்ட். என்னென்ன பாக்கணும்?

பேர்லேண்ட்_பாண்டி:
வணக்கம் மக்களே. ரொம்ப நாள் ஆசை, ஒருவழியா போட் வாங்குறேன். 18 அடி ஃபைபர் போட், 115 ஹெச்பி அவுட்போர்ட், கூடவே ஒத்தை ஆக்சில் ட்ரெய்லர், எல்லாம் பழசுதான். விக்கிறவர் கொன்ரோ ஏரி பக்கம் இருக்கார், நான் பேர்லேண்ட்ல, அதாவது ஹூஸ்டன் மொத்தத்தையும் தாண்டி 60 மைலுக்கு மேல ஐ-45ல இழுத்துட்டு வரணும். நம்ம வண்டி 2019 ஹோண்டா பைலட், டூ வீல் டிரைவ், 5000 பவுண்ட் இழுக்கும்னு எங்கயோ படிச்சேன், ட்ரெய்லர் மாட்டுற ஹிட்ச் பின்னாடி போட்டாச்சு, அதுல உக்கார்ற இரும்பு உருண்டை, அதான் ஹிட்ச் பால், ஒரு ஃப்ரெண்டு குடுத்தான். நான் இதுவரைக்கும் பின்னாடி எதையும் கட்டி ஓட்டினதில்ல, ஊர்ல தாத்தா மாட்டு வண்டிய ஓட்டினதோட சரி, அதுலயும் மாடுதான் ஓட்டுச்சு. வீட்டம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டா, "நடு ரோட்டுல அந்த டயர் பஞ்சரானா என்ன பண்ணுவீங்க?" பதில் தெரியல. ட்ரெய்லர்ல ஸ்டெப்னியே இல்லங்கிறது அப்பதான் உறைச்சது. அடுத்த வாரமே டெக்சாஸ் சிட்டி டைக்ல, அதாவது கடலுக்குள்ள நீளுற அந்தக் கரையில, இறக்கணும்னு பிளான். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கட்டுமரம்_கண்ணன்:
வாழ்த்துகள் தம்பி. முதல்ல அந்த 5000ஐ மறந்துடுங்க. உங்க மாடல்ல ஆல் வீல் டிரைவுக்குத்தான் 5000, டூ வீலுக்கு 3500தான், உள்ள ஆள் ஏற ஏற அதுவும் குறையும், மேனுவல்ல டேபிளே இருக்கும் எடுத்துப் பாருங்க. இப்ப கணக்கு போடுங்க, போட்டோட உடம்பு (ஹல்லு) ஒரு 2000, மோட்டார் 370 பக்கம், ட்ரெய்லர் 700, பெட்ரோல் கேலனுக்கு 6 பவுண்ட் சொச்சம், 40 கேலன் டேங்க் ரொம்பியிருந்தா அதுவே 240. பேட்டரி, நங்கூரம், ஐஸ் பெட்டின்னு அள்ளிப் போட்டா 3500ஐ தொட்டாச்சு. அதனால டேங்க் காலியா இருக்கிற மாதிரி வாங்குங்க, அடியில தேங்குற தண்ணியையும் பிளக்க கழட்டி முழுசா வடிச்சிடுங்க, ஏரியிலேர்ந்து போட்ட எடுக்கிறப்ப தண்ணிய வடிச்சிட்டுத்தான் கிளம்பணும்னு டெக்சாஸ் முழுக்க 2014லேர்ந்து சட்டமே இருக்கு, ஜீப்ரா மட்டி பரவுதுன்னு. வழியில டிரக் ஸ்டாப் எடைமேடையில ஒருக்கா ஏத்திப் பாத்துட்டா சந்தேகமே இல்ல. மொத்தம் 4500ஐ தாண்டினா ட்ரெய்லருக்கே தனி பிரேக் வேணும்னு இங்க விதி, உங்களுக்கு அந்த பிரச்சனை வராது, ஆனா பிரேக் இல்லாத ட்ரெய்லர்னா நிக்கிற தூரம் எக்கச்சக்கமா கூடும், முன்னாடி வண்டிக்கு இடம் விட்டே ஓட்டுங்க.

அப்புறம் ஃப்ரெண்டு குடுத்த பால். அது மேல சைஸ் அடிச்சிருக்கும், பாருங்க. 1-7/8 இன்ச், 2 இன்ச் ரெண்டும் கண்ணுக்கு ஒண்ணு போலத்தான் தெரியும். 2 இன்ச் கப்ளர்ல, அதாவது பால் மேல கவுந்து பிடிக்கிற ட்ரெய்லரோட முன் வாயில, சின்ன பால மாட்டினா லாட்ச் சமத்தா மூடும், முதல் பள்ளத்துல துள்ளி வெளிய வந்துடும். மாட்டி லாட்ச் போட்டதும் ட்ரெய்லரோட முன் ஜாக்க சுத்தி தூக்கிப் பாருங்க, கார் பின்பக்கமும் சேந்து எழும்பினா பிடிச்சிருக்குன்னு அர்த்தம். செயின் ரெண்டையும் நேரா மாட்டாதீங்க, கீழ குறுக்க எக்ஸ் மாதிரி போடணும், பால்லேர்ந்து கழண்டா மூக்கு ரோட்டுல குத்தாம செயின்ல தொட்டில் மாதிரி தாங்கிக்கும். போட்டோட பின்பக்கத்த ட்ரெய்லரோட சேத்து ரெண்டு பக்கமும் ஸ்ட்ராப் போட்டு இறுக்குங்க, முன்னாடி வின்ச் கயிற மட்டும் நம்பினீங்கன்னா போச்சு.

கேட்டி_குமார்:
பாஸ், உங்க வீட்டம்மா கேட்டதுதான் சரியான கேள்வி, என் கதைய கேளுங்க. 2021ல பழைய போட் வாங்கினேன், ட்ரெய்லர் டயர்ல பட்டன் தேயவே இல்ல, புதுசு போல இருந்துச்சு. நம்ம ஊர் வழக்கப்படி சந்தனம் குங்குமம் வச்சு எலுமிச்சம்பழம் நசுக்கிட்டுத்தான் கிளம்பினோம். லீக் சிட்டி தாண்டி இருக்கும், டமார்னு சத்தம், எலுமிச்சை நசுக்கின அதே டயர்! ஆகஸ்ட் மாசம், மத்தியானம், ரோடு அடுப்பு மாதிரி கொதிக்குது. இறங்கி கார் ஸ்பேனர எடுத்தா அது 19 எம்எம், ட்ரெய்லர் நட்டு 13/16 இன்ச், உள்ளயே போகல. கார் ஜாக்கிய ஆக்சிலுக்கு அடியில விடலாம்னா டயர் தட்டையாகி ஆக்சில் தரையோட கிடக்கு, ஜாக்கி நுழையல. சரின்னு ரோட்சைட் அசிஸ்டன்ஸுக்கு போன போட்டா, "கார்னா வருவோம் சார், ட்ரெய்லர் உங்க பிளான்ல இல்ல"ன்னுட்டான். நாலு மணி நேரம். பசங்க கொண்டு வந்த ஐஸ் பெட்டித் தண்ணியதான் தலையில ஊத்திக்கிட்டோம்.

அப்புறமாத்தான் டயர் பக்கவாட்டுல டிஓடின்னு தொடங்குற எழுத்த படிச்சேன், கடைசி நாலு நம்பர் 2212. அதாவது 2012ல 22வது வாரம் செஞ்சது, ஒம்பது வருஷ டயர்! போட் ட்ரெய்லர் வருஷத்துல முக்காவாசி நாள் வெயில்ல சும்மாதான் நிக்கும், பட்டன் தேயாது, ரப்பர் உள்ளுக்குள்ள செத்துப்போயிடும். அஞ்சாறு வருஷம் ஆயிட்டா யோசிக்காம மாத்துங்க. எஸ்டின்னு போட்ட ட்ரெய்லர் டயரே வாங்குங்க, காத்து அந்த டயர் பக்கவாட்டுல போட்டிருக்கிற பிஎஸ்ஐ அளவுக்கு முழுசா, காலைல டயர் சூடாகுறதுக்கு முன்னாடியே அடிக்கணும், குறைஞ்ச காத்துதான் பாதி டயர கொல்லுது. நிறைய எஸ்டி டயருக்கு வேகம் 65 மைல்தான் லிமிட், ஐ-45ல எல்லாரும் 80ல பறப்பான், நீங்க வலது லேன்ல உருட்டிட்டு வாங்க, ஹார்ன் அடிக்கிறவன் அடிக்கட்டும்.

இப்ப என் வண்டியில எப்பவும் ஸ்டெப்னி, ட்ரெய்லர் நட்டுக்கு சரியா பொருந்துற ஸ்பேனர், சின்ன பாட்டில் ஜாக்கி, அடியில வைக்க ரெண்டு கட்டை, சக்கரத்துக்கு அண்டை குடுக்க ரெண்டு, முக்கோண ரிஃப்ளெக்டர், ஒரு கேன் தண்ணி இருக்கும். வாங்கி டிக்கியில போட்டா மட்டும் பத்தாது பாஸ், வீட்டு டிரைவ்வேல வச்சே ஒரு தடவை சக்கரத்த கழட்டி மாட்டிப் பாருங்க, எது குறையுதுன்னு அங்கயே தெரிஞ்சிடும். மாத்தி 50 மைல் ஓடினதும் நட்ட மறுபடி இறுக்கணும். டிராஃபிக் பக்கத்து டயர் போச்சுன்னா ரோட்டோர ஷோல்டர்ல உக்காந்து மாத்தவே மாத்தாதீங்க, ரிம்மு நாசமானாலும் பரவால்லன்னு ஹசார்ட் லைட் போட்டு மெதுவா உருட்டி அடுத்த எக்ஸிட்ல இறங்கிடுங்க, ரிம் வாங்கிக்கலாம். உருட்டவே முடியலன்னா எல்லாரையும் இறக்கி கம்பி வேலிக்கு அந்தப்பக்கம் நிக்க வச்சிட்டு போன் பண்ணுங்க, டெக்சாஸ் டிரைவிங் லைசன்ஸ் பின்பக்கமே ரோட்சைட் உதவி நம்பர் இருக்கு, பல பேர் திருப்பியே பாத்ததில்ல.

யாழ்தேவி_பயணி:
தம்பி பாண்டி, நான் கனடாவில இருந்து எழுதிறன், பதினைஞ்சு வருசமா சிம்கோ லேக்குக்கு போட் இழுத்துக்கொண்டு போறன். ரயரைப் பற்றி எல்லாரும் சொல்லிப்போட்டினம், நான் பேரிங்கைப் பற்றிச் சொல்லிறன், போட் ட்ரெய்லருக்கு எமன் அதுதான். காரின்ர சில்லு தண்ணிக்க போறேல்ல, இது போற ஒவ்வொருக்காலும் முங்கி எழும்புது. ஒரு மணித்தியாலம் ஓடி வந்த ஹப், அதுதான் பேரிங் இருக்கிற சில்லின்ர நடுப்பகுதி, சூடா இருக்கும், அப்பிடியே கொண்டுபோய் குளிர்தண்ணிக்க இறக்கினா உள்ளுக்க இருக்கிற காத்து சுருங்கி சீலுக்குள்ளால தண்ணியை உறிஞ்சும், க்றீஸ் பால்மாதிரி வெள்ளையாப் போகும், பிறகு பேரிங் கறள் பிடிக்கும். ஒருநாள் இஞ்ச 404 ஹைவேயில போகேக்க ஒரு சில்லு என்னை முந்திக்கொண்டு போச்சு. யாற்ற சில்லடா இது எண்டு சிரிச்சுக்கொண்டு கண்ணாடியைப் பாத்தா, என்ர!

வாங்க முந்தி ஜக் அடிச்சுத் தூக்கி சில்லைச் சுத்திப் பாருங்கோ, கரகரக்கக் கூடாது. மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாருங்கோ, லொடலொடத்தா பேரிங் தேஞ்சுபோச்சு. வெளிக்கிட்டு முதல் பத்துப் பதினைஞ்சு மைலுக்குள்ள ஒருக்கா நிப்பாட்டி ஹப்பைத் தொட்டுப் பாக்கவேணும், இளஞ்சூடு எண்டால் சரி, கையை வைச்சிருக்க ஏலாமல் சுட்டா மேற்கொண்டு ஓடாதேங்கோ. ராம்புக்கு, அதுதான் போட்டைத் தண்ணிக்க இறக்கிற சரிவுக்கு, போனதும் உடன இறக்காமல் ஸ்ட்ராப் கழட்டி, பிளக் பூட்டி, சாமான் ஏத்தி ஒரு இருபது நிமிசம் ஆறவிடுங்கோ. லைற் வயரையும் கழட்டிப்போட்டு இறக்குங்கோ, சூடான பல்ப் தண்ணி பட்டா வெடிக்கும். நீங்கள் போறது உப்புத்தண்ணி, வீட்ட வந்தோடன நல்லதண்ணியால ட்ரெய்லரைக் கழுவாட்டி ஒரு வருசத்தில தெரியும்.

ரிவர்ஸ்_ராணி:
பாண்டி அண்ணா, ரிவர்ஸ் பத்தி யாருமே சொல்லல, ராம்ப்ல எல்லாரும் வேடிக்கை பாக்க போறது அதைத்தான். ஸ்டியரிங்க அடியில பிடிங்க, ட்ரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ கைய அந்தப் பக்கம் நகத்துங்க, அவ்ளோதான். கொஞ்சமா நகத்துங்க, சின்ன ட்ரெய்லர் படக்குன்னு மடங்கிடும், மடங்குற மாதிரி தெரிஞ்சா முன்னாடி எடுத்து நேராக்கிட்டு மறுபடி வாங்க. ஞாயித்துக்கிழமை காலையில காலி பார்க்கிங் லாட்ல பழகிட்டு போங்க.

இன்னொண்ணு, ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பிச்சா பயத்துல பிரேக்க மிதிக்காதீங்க, ஸ்டியரிங்க வெட்டாதீங்க, ஆக்சிலேட்டர்லேர்ந்து கால மட்டும் எடுங்க, தானா அடங்கும். பின்னாடி பாரம் கூடி மூக்கு லேசா இருந்தாத்தான் ஆடும், மொத்த எடையில பத்து சதவீதம் கிட்ட பால் மேல உக்காரணும். கால்வெஸ்டன் பாலத்துல பக்கக் காத்து அடிக்கிறப்ப இது நல்லா புரியும்.

பேர்லேண்ட்_பாண்டி:
எல்லாருக்கும் கும்பிடு. அப்டேட் சொல்றேன். பால் 1-7/8தான் கண்ணன் அண்ணே, ஃப்ரெண்ட நல்லா கேட்டேன். விக்கிறவர் "டயர் புதுசு"ன்னு சத்தியம் பண்ணார், குனிஞ்சு படிச்சா 1415, விலையில 200 டாலர் கொறச்சு கொன்ரோலயே ரெண்டு டயரும் ஒரு ஸ்டெப்னியும் போட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை காலைல 6 மணிக்கு கிளம்பி 60லயே வந்தேன். முதல் ஸ்டாப்ல தொட்டுப் பாத்தா இடது ஹப் இளஞ்சூடு, வலது கொஞ்சம் கூட, ஆனா கை வைக்க முடிஞ்சது, அதுக்கப்புறம் பத்து மைலுக்கு ஒரு தடவை நிறுத்தி நிறுத்தி வீடு வந்து சேந்தோம். ஜாக்கி போட்டு வலது சக்கரத்த ஆட்டினா லொடலொடங்குது, மூடியத் திறந்தா யாழ்தேவி அண்ணை சொன்ன மாதிரியே வெள்ளை வெளேர்னு க்ரீஸ். டைக் பிளான் தள்ளிப் போட்டாச்சு. வீட்டம்மா எலுமிச்சம்பழத்தோட ரெடியா நிக்கிறா, பேரிங் மாத்தட்டும் இருன்னு சொல்லியிருக்கேன். ஒரு டவுட்டு, பேரிங் மட்டும் மாத்தினா போதுமா, அது உக்கார்ற அந்த வளையத்தையும் மாத்தணுமா? அது பாக்க நல்லாத்தான் இருக்கு.

யாழ்தேவி_பயணி:
அந்த வளையம்தான் ரேஸ், அதையும் மாத்துங்கோ தம்பி, பழைய ரேசில புது பேரிங் போட்டா கெதியாத் தேஞ்சுபோம். சீலும் புதுசு, க்றீஸ் மரைன் க்றீஸ். மற்றப் பக்கத்தையும் கழட்டிப் பாருங்கோ, ரெண்டும் ஒண்டாத்தான் தண்ணிக்க முங்கினது.