போனைத் தட்டினால் ஸ்வைப் மெஷின் எடுக்கலை: வேலூர் கடைக்காரங்க வழி சொல்லுங்க

சிஎம்சி ஆஸ்பத்திரி எதிரே, காந்தி ரோடு மருந்துக்கடை. ஸ்வைப் மெஷினில் கார்டைத் தட்டினால் பணம் உடனே போகுது; வாடிக்கையாளர் போனைத் தட்டினால் பாதி நேரம் மறுக்குது. போனில் என்எஃப்சி (தட்டிப் பணம் கட்ட உதவும் குறுந்தூர ரேடியோ வசதி) ஆன், லாக் திறந்திருக்கு. 4 செ.மீ.க்குள்தான் எட்டும் என்பதால் போன் முதுகை மெஷின் குறிமேல் ஒட்டியே பிடிக்கிறோம். காந்த வளையம், தகடு வைத்த கவர்களைக் கழற்றச் சொன்னதில் சிலது சரியாச்சு (இதை எல்லாக் கடையும் முதலில் பாருங்க). 5,000 ரூபாய்க்கு மேல் பின் நம்பர் கேட்கும், அது வேற கதை. இங்கே 300 ரூபாய் பில்லே நிக்குது. கார்டு ஓடுறதால மெஷின் சிம் சிக்னலையும் குறை சொல்ல முடியாது. மெஷின் மென்பொருள் பழசா, இல்ல பேங்க் பக்கம் ஏதாவது திறந்துவிடணுமா? பேங்க்ல என்னன்னு எழுதிக் கேட்கணும்? ரூபே, விசா எதுன்னு பார்த்தும் வித்தியாசம் தெரியலை. காட்பாடி, ஆற்காடு பக்கம் சரிசெய்தவங்க சொல்லுங்க.