கூட்டுச்சொல்: சீனர் பிரித்துப் படிக்கிறார்களா, ஆங்கிலேயர் மொத்தமாக விழுங்குகிறார்களா?

சொல்தேடி:
சீனத்தில் கணினிக்கு ‘தியென்நாவ்’ என்று பெயர், பிரித்தால் மின்+மூளை. படிக்கும்போதெல்லாம் அவர்களுக்கு மூளை நினைவுக்கு வருமா? ஆங்கிலேயருக்கு ‘பட்டர்ஃப்ளை’யில் வெண்ணெய் தோன்றுவதில்லையே. சோதிக்க வழி உண்டா?

உருபன்:
‘தோங்ஷி’ என்று ஒரு சொல்: கிழக்கு+மேற்கு. பொருளோ ‘பண்டம்’. ஆகவே பட்டர்ஃப்ளை ரகம் சீனத்திலும் உண்டு. வித்தியாசம் பெரும்பாலும் எழுத்துமுறையில்தான். சீனத்தில் ஒவ்வோர் உறுப்பும் தனி எழுத்தாகக் கண்ணில் படும்; ஆனால் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது, சொல் எங்கே முடிகிறது என்பதை வாசகரே கண்டுகொள்ள வேண்டும். சேர்த்தெழுதிய ஆங்கிலச் சொல்லில் இது தலைகீழ்: வெளி எல்லை தெரியும், உள் எல்லை மறைந்திருக்கும். (எதைச் சேர்த்தெழுதுவது, எதைப் பிரிப்பது என்பதில் ஆங்கிலத்துக்கு ஒழுங்கே இல்லை.)

பெயர்ச்சொல்லில் தலைச்சொல் (அது எந்த வகைப் பொருள் என்று சொல்லும் உறுப்பு) இரு மொழியிலும் பெரும்பாலும் பின்னால்தான். ‘ஹவுஸ்போட்’ படகு, ‘போட்ஹவுஸ்’ கொட்டகை. ‘மீஃபங்’ தேனீ, திருப்பிப் போட்டால் ‘ஃபங்மீ’, தேன். ‘தாஷியாவ்’ (பெரிது+சிறிது = அளவு) மட்டும் நம் உம்மைத்தொகை போல; அதில் தலை எது என்று தேடக்கூடாது.

ஆய்வுமேசை:
சோதனைக்கு: முதலில் ஒரு சொல்லை (தூண்டுசொல்) 50 மில்லிவினாடி போலக் காட்டி, உடனே சோதிக்க வேண்டிய சொல்லை (இலக்குச்சொல்) காட்டுங்கள். ‘இது சொல்லா, இல்லையா’ என்று இலக்கைப் பார்த்துப் பொத்தானை அழுத்தச் சொல்லி நேரத்தை அளவிடுங்கள். தூண்டுசொல் உதவினால் விடை வேகமாக வரும்.

சீனத்தில் சறுக்கும் இடம் ஒன்று. ‘ஹுவா’ என்ற ஒரே எழுத்துக்குப் ‘பூ’ என்றும் ‘செலவழி’ என்றும் பொருள். இலக்கு ‘ஹுவாயுவென்’ (தோட்டம்) என்றால் மூன்று தூண்டுசொற்கள் வேண்டும்: ‘ஹுவாபிங்’ (பூச்சாடி), ‘ஹுவாஃபெய்’ (செலவு), எழுத்தும் பொருளும் ஒட்டாத ஒரு சொல். முதல் இரண்டுக்கும் உள்ள நேர வித்தியாசம்தான் உருபன் (பொருள் தரும் மிகச் சிறிய சொல்லுறுப்பு) தந்த வேகம்; இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ளது வெறும் எழுத்துவடிவம் தந்த வேகம். நடுச்சொல்லை விட்டால் வடிவத்தைப் பொருள் என்று எண்ணி ஏமாறுவீர்கள். மூன்றின் புழக்கமும் கோட்டு எண்ணிக்கையும் (எழுத்தை வரையத் தேவைப்படும் கோடுகள்) கிட்டத்தட்டச் சமமாக இருக்கட்டும்.

ஆங்கிலத்திலும் ‘பட்டர்’ காட்டிப் ‘பட்டர்ஃப்ளை’ கேட்டால் இதே குழப்பம். ‘பிரெட்’ காட்டுங்கள், வெண்ணெயின் பொருள் கிளம்புகிறதா என்பது அப்போது தெரியும்.

சொல்தேடி:
உறுப்பு தெரிந்தால் போதுமா? இரண்டுக்கும் நடுவே உள்ள உறவை யார் சொல்வது?

உருபன்:
அதை எந்த மொழியும் எழுதிக் காட்டுவதில்லை. நம் வேற்றுமைத்தொகையில் உருபு மறைந்திருப்பது போலத்தான். ஆங்கிலத்தில் கான்யே, ஷோபன் என்ற ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். முதல் சொல் வழக்கமாக எந்த உறவில் வருகிறதோ அந்த உறவில் வந்தால் சட்டென்று புரியும். ‘மவுன்டன்’ என்றால் பெரும்பாலும் இடம். அதனால் ‘மவுன்டன் ஸ்ட்ரீம்’ எளிது, மலையைப் பற்றிய இதழ் என்ற பொருளில் ‘மவுன்டன் மேகஸீன்’ தாமதம்.