எங்கள் செத்தவீடும் ஆர்கேட் ஃபயரின் ‘ஃபியூனரல்’ அல்பமும்

ஒன்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும். கனடாவின் மொன்றியல் நகரத்து ரொக் குழுவான ஆர்கேட் ஃபயரின் ‘ஃபியூனரல்’ (செத்தவீடு) அல்பம் என் காதில் விழுந்தது 2005 தொடக்கத்தில், அதே மொன்றியலில் ஒரு உணவகத்தில் பகுதிநேரமாகக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது. கூட வேலை செய்த ஹெய்ட்டிக்காரப் பெடியன் இடைவேளையில் தன் ஹெட்போனைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டு எட்டாவது பாட்டைப் போட்டான். பாட்டின் பெயரே ‘ஹெய்ட்டி’. பாடுகிற குழு உறுப்பினர் ரெஜின் ஷஸான், சர்வாதிகாரி டுவாலியர் காலத்தில் அந்த நாட்டை விட்டு வெளியேறிய குடும்பத்துப் பிள்ளை. அங்கே கொல்லப்பட்ட சொந்தங்களைப் பற்றிப் பாதி பிரெஞ்சிலும் பாதி ஆங்கிலத்திலும், தாலாட்டு மாதிரி மெல்லிய குரலில் பாடுகிறார். நான் சவர்க்கார நுரைக் கையோடு நின்றபடி, திரும்ப முதலிலிருந்து போடச் சொன்னேன்.

சிடியை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். நாலாவது பாட்டு ‘பவர் அவுட்’டில்தான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அது 1998 ஜனவரி உறைமழையை வைத்து எழுதிய பாட்டு. இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும், மழை விழுந்த இடத்திலேயே ஐஸாக உறைந்து, மரக்கிளை முறிந்து, பெரிய பெரிய மின்கோபுரங்களே மடிந்து விழுந்து, லட்சக்கணக்கான வீடுகள் நாள்கணக்கில் இருட்டிலும் குளிரிலும் கிடந்தன. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. யாழ்ப்பாணத்தில் அம்மம்மா செத்துப்போன செய்தி டிசம்பரில் வந்திருந்தது. போக வழியில்லை. அந்தியேட்டிச் சடங்கையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று அம்மா சாமானெல்லாம் வாங்கி வைத்திருந்தா, அந்தக் கிழமை பார்த்துக் கரண்ட் போய்விட்டது. எங்கள் அடுப்பு மின்சார அடுப்பு. கீழ்மாடியில் ஒரு வீட்டில் மட்டும் கேஸ் அடுப்பு இருந்ததால் சோறு கறியெல்லாம் அங்கே சமைத்து, மெழுகுதிரி பிடித்துக்கொண்டு மூன்று மாடி தூக்கி வந்தோம். அம்மம்மாவின் படத்துக்கு முன்னால் படைத்தோம். கட்டடத்தில் இருந்த தமிழ்ச் சனம் முழுக்க ஜக்கெட், தொப்பியோடு எங்கள் ஹோலில் வந்து நெருக்கியடித்து இருந்தது. அதுவரைக்கும் அழாத அம்மா அன்றைக்குத்தான் வாய்விட்டு ஒப்பாரி வைத்தா. மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

அதனால் ஏழாவது பாட்டு ‘வேக் அப்’பில் குழு முழுவதும் சொல்லே இல்லாமல் ஒரே குரலாகக் கத்தும்போது எனக்கு அது ரொக் இசையாகவே கேட்கவில்லை. எங்கள் ஹோல்தான் கேட்டது. வயலின், அக்கோடியன், சைலஃபோன் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு ஆளாளுக்கு ஓடி வந்து சேர்ந்தமாதிரி ஒரு நெரிசல் இந்த அல்பம் முழுக்க இருக்கிறது. மொன்றியலின் மைல் எண்ட் பகுதியில் ‘ஹோட்டல் டூ டாங்கோ’ ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள், பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். அல்பம் உருவான அந்த ஒரு வருடத்துக்குள் அவர்கள் வீடுகளிலும் அடுத்தடுத்துச் சாவு. 2003 ஜூனில் ரெஜினின் பாட்டி, 2004 தொடக்கத்தில் குழுவின் பாடகர் வின் பட்லரின் தாத்தாவான இசைக்கலைஞர் ஆல்வினோ ரே, பிறகு இன்னொரு உறுப்பினர் ரிச்சர்ட் ரீட் பரியின் உறவு ஒருவர். தலைப்பு வந்தது அதனால்தான். 2004 செப்டெம்பரில் வெளிவந்தபிறகு உலகமே கொண்டாடியது, அதெல்லாம் பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டது.

கடைசிப் பாட்டு ‘இன் த பேக்சீட்’, திரும்பவும் ரெஜின். காரின் பின்சீட்டில் இருந்து வேடிக்கை பார்த்தே பழகிய ஒருத்தி, வீட்டில் ஒவ்வொருவராகப் போகப்போக, தானே ஓட்டப் பழகவேண்டி வருகிறது. முடிவில் வார்த்தை நின்று குரல் மட்டும் மேலே மேலே ஏறும். அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவ கையைத் துடைத்தபடி வந்து, “இந்தப் பிள்ளைக்கு ஆர் செத்தது?” என்று கேட்டா.

“அவவின்ர பாட்டி” என்றேன்.

கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டா. பாட்டு முடியும்வரை எழும்பவில்லை.