ஆர்டிஎக்ஸ் 3080 வந்தது, பழைய எஸ்எம்பிஎஸ் தாங்கவில்லை: அனுபவங்கள்

என்னிடம் ஐந்து ஆண்டுகளாக ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு இருந்தது. அது 125 வாட் மட்டுமே எடுத்துக்கொள்ளும் என்பதால், எஸ்எம்பிஎஸ்ஸைப் (கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) பற்றி யோசிக்க வேண்டிய தேவையே எனக்கு வரவில்லை. சென்ற ஆண்டு நண்பர் ஒருவரிடமிருந்து ஆர்டிஎக்ஸ் 3080 கார்டை வாங்கி, அதே 600 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் பொருத்தினேன். கார்டுக்கு 320, ரைசன் 7 5800எக்ஸ் பிராசசருக்கு முழுச் சுமையில் 142, மற்றவற்றுக்கு 60 எனக் கூட்டினால் 522 வாட்தான் வருகிறது என்று நிம்மதியாக இருந்தேன்.

மற்ற வேலைகளின்போது எந்தக் குறையும் இல்லை. கேம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆனதும் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். திரை, விசிறி, விளக்கு அனைத்தும் ஒரே நொடியில் அணைந்துவிடும். நீலத் திரை வராது. எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் கணினி மீண்டும் எழும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு மட்டும் இருந்தது. கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பதை அது சொல்லுமே தவிர, ஏன் என்று சொல்லாது. பழுதுபார்க்கும் கடையில் கார்டு போய்விட்டது என்றார்கள். அதை நம்பி நண்பரிடம் கடுமையாகப் பேசிவிட்டேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

கார்டைத் திருப்பித் தருவதற்கு முன் ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை (அது எடுக்கும் மின்சாரத்தின் உச்சவரம்பு) 70 சதவீதமாகக் குறைத்துப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் விளையாடியும் கணினி அணையவில்லை. அப்போதுதான் கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, கைப்பேசி வெளிச்சத்தில் எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் ஒட்டியிருந்த அட்டவணையைப் படித்தேன். 12 வோல்ட் கட்டத்தில் 38 ஆம்பியர் என்று இருந்தது; பெருக்கினால் 456 வாட். கார்டும் பிராசசரும் ஏறக்குறைய முழு மின்சாரத்தையும் இந்த 12 வோல்ட்டிலிருந்தே எடுக்கின்றன. அவை இரண்டுக்கு மட்டுமே 462 வாட் வேண்டும். பெரிய எழுத்தில் அச்சிட்ட 600 என்பது, இன்றைய கணினி அதிகம் தொடாத 3.3, 5 வோல்ட் பங்கையும் சேர்த்துச் சொன்ன கணக்கு. இதற்கு மேல், 3080 போன்ற கார்டுகள் சில மில்லிநொடிகளுக்கு 320 வாட்டைத் தாண்டி வெகுவாக எகிறும். அந்த நேரத்தில் எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று இணைப்பைத் துண்டித்துவிடும். நான் கேட்ட ‘டிக்’ சத்தம் அதுதான்.

இந்தக் கார்டுக்கு என்விடியா பரிந்துரைப்பது 750 வாட். நான் ஏடிஎக்ஸ் 3.0 தரத்தில் 850 வாட் வாங்கினேன். 2022-இல் வந்த இந்தத் தரம், இத்தகைய எகிறல்களைத் தாங்கும் திறனை எஸ்எம்பிஎஸ்ஸிடம் எதிர்பார்க்கிறது. பெட்டியில் இருக்கும் 80 பிளஸ் கோல்டு முத்திரை மின்சாரம் எவ்வளவு குறைவாக வீணாகிறது என்பதைக் காட்டுமே ஒழிய, உள்ளே உள்ள பாகங்களின் தரத்துக்குச் சான்று ஆகாது. கார்டின் இரண்டு 8-பின் சாக்கெட்டுகளுக்கும், ஒரே கேபிளின் இரட்டைத் தலையைச் செருகாமல் தனித்தனிக் கேபிள் கொடுத்திருக்கிறேன். என் 600 விஏ யுபிஎஸ் 360 வாட்டுக்கு மேல் தராது என்பதால் அதையும் மாற்ற வேண்டியதாயிற்று.

மறுமொழி: நானும் எஸ்எம்பிஎஸ் மாற்றினேன், ஆனால் பழைய மாடுலர் கேபிள்கள் (எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கழற்றி மாட்டக்கூடியவை) அழகாகக் கட்டப்பட்டிருந்ததால் அவற்றை அப்படியே விட்டு, எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் மாற்றினேன். செருகி சரியாகவே பொருந்தியது. சுவிட்சைப் போட்டதும் கருகல் வாடை வந்தது. குடும்பப் படங்கள் இருந்த ஹார்டு டிஸ்க்கும் ஒரு எஸ்எஸ்டியும் போய்விட்டன. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் கம்பிகளின் வரிசைக்குப் பொதுத்தரம் இல்லை. ஒரே நிறுவனத்தின் இரு மாடல்களுக்கிடையிலும் அது மாறலாம். புதிய எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த கேபிள்களை மட்டுமே பயன்படுத்துங்கள்.

முதல் பதிவர்: நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் கணினியைத் திறந்து பார்த்தேன், டிஸ்க்குகளுக்கு மின்சாரம் தரும் சாட்டா கேபிள் ஒன்று பழைய எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்தது, இன்னும் செருகாமல் உள்ளே கிடந்தது. எடுத்து, பழைய எஸ்எம்பிஎஸ்ஸோடு சேர்த்துக் கட்டி வைத்துவிட்டேன்.